தவணைக்கு ஆடி, மார்கழி தெரியாது

போன தை மாதம் மருமகள் ஒரு வண்ணப் புத்தகத்தோடு வந்தாள். பதினாறு பக்கம், வழவழவென்று தாள். அட்டையில் ஒரு வெள்ளை மிஷின், பக்கத்தில் சிரித்தபடி ஒரு பெண். தையலும் எம்ப்ராய்டரியும் சேர்ந்த கம்ப்யூட்டர் மிஷின். விலை 2,60,000 ரூபாய்.

நானும் என் மனைவியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறோம். மகன் குடும்பம் ராஜபாளையத்தில். பஸ் ஏறினால் அரை மணிக்குள் போய்விடலாம். மருமகள் ஆறு வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். கை சுத்தம், அளவு பிசகாது, சொன்ன நாளில் கொடுத்துவிடுவாள். அந்தத் தெருவில் அவளுக்கு நல்ல பெயர்.

அவள் கேட்டது இதுதான். முன்பணம் 60,000 நான் தர வேண்டும். மீதி 2,00,000 கடன், மூன்று வருடத் தவணை. "மாசம் அம்பதாயிரம் சம்பாதிக்கலாம்னு சொல்றாங்க மாமா."

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர்கள். உங்கள் வீட்டிலும் இந்தக் கதை நடந்திருக்கும், அல்லது நடக்கப் போகிறது. மிஷினாக இல்லாவிட்டால் மாவு அரைக்கும் யந்திரமாகவோ, ஜெராக்ஸ் மிஷினாகவோ இருக்கும். கடன் அவர்கள் பெயரில், முன்பணம் நம் வைப்புத்தொகையில். ஆகவே நமக்கும் இதில் பேச உரிமை உண்டு. நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். ஆனால் எதிர்க்கும் காரணம் பாதி வழியில் மாறிவிட்டது. அதையும் சேர்த்து ஒப்புக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

பார்க்காமல் குறை சொல்லக் கூடாது என்று மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். ஏசி அறை, நல்ல காபி. ஒரு பையன் மிஷினைப் போட்டுக் காட்டினான். நாலே நிமிடத்தில் ஒரு ரோஜாப்பூ வந்தது. நானே ஒரு கணம் வாயைப் பிளந்தேன். மருமகள் முகத்தைப் பார்த்தேன். குழந்தை பொம்மையைப் பார்ப்பது போல இருந்தது.

முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன் சும்மா இருப்பானா? "தம்பி, இந்தப் பூவில் எத்தனை தையல்?" என்றேன். திரையில் பார்த்து 2,000 சொச்சம் என்றான். கல்யாண ஜாக்கெட் ஒன்றின் முதுகுக்கு எத்தனை வரும் என்றேன். "அது டிசைனைப் பொறுத்து சார், இருபதாயிரம் வரும்" என்றான். ரோஜா விழுந்த துணியைத் தடவிப் பார்த்தேன். விறைப்பான பருத்தித் துணி, கீழே கனமான தாள். மருமகள் பையிலிருந்து ஒரு பட்டு ஜாக்கெட் துணியை எடுத்து, "இதுல போட்டுக் காட்டுங்க" என்றாள். பையன் மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர், "அதுக்குத் தனி செட்டிங் இருக்கும்மா, மிஷின் வாங்கினதும் வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுப்போம்" என்றார். பட்டு பைக்குத் திரும்பிப் போனது.

மெல்லிய துணியில் நெருக்கமாகத் தையல் விழுந்தால் சுற்றிலும் சுருங்கும். அதற்கு ஏற்ற தாள் வைக்க வேண்டும், நூலின் இழுப்பைச் சரிசெய்ய வேண்டும், ஃபிரேமில் துணியை இழுக்காமல் பூட்ட வேண்டும். எல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியதுதான். ஆனால் அதைக் கற்றுக்கொள்ளும்போது கெட்டுப்போவது யாரோ ஒருவருடைய முகூர்த்த ஜாக்கெட். அந்தப் பட்டுக்குக் கடைக்காரர் பணம் தர மாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளின் ஆர்டர் நோட்டை வாங்கினேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு வருடக் கணக்கைப் பிரித்தேன். அந்த வருடம் தைத்தது 412 ஜாக்கெட். அதில் பூ வேலை கேட்டவர்கள் 61 பேர். அந்த 61-ல் 43 பேர் கேட்டது ஆரி வேலை. மணி, கல், ஜர்தோசி வைத்துக் கையால் செய்வது. இந்த மிஷின் நூலில் பூப் போடும். மணி கோக்காது, குந்தன் வைக்காது. நம் பக்கத்துக் கல்யாணப் பெண்கள் கேட்பதோ மணியும் கல்லும்தான். ஆக, கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி போதும் என்றவர்கள் வருடத்துக்கு 18 பேர்.

அந்தப் 18 ஜாக்கெட்டையும் அவள் ஏற்கெனவே ராஜபாளையத்தில் ஜாப் ஒர்க் செய்யும் இடத்தில்தான் கொடுத்து வாங்குகிறாள். அங்கே 350 கொடுக்கிறாள், வாடிக்கையாளரிடம் 500 வாங்குகிறாள். மிஷினே இல்லாமல் ஒரு ஜாக்கெட்டுக்கு 150 ரூபாய்.

சொந்த மிஷினில் போட்டால்? நூல், அடியில் வைக்கும் தாள், ஊசி, கரண்ட் எல்லாம் 110 என்று வைத்தேன். மிச்சம் 390. சந்தோஷம். தவணை எவ்வளவு? 2,00,000 ரூபாய்க்கு 14 சதவீத வட்டியில் 36 மாதம் என்றால் மாதம் 6,835. இதை 390-ஆல் வகுத்தால் 17.5. அதாவது மாதம் 18 ஜாக்கெட்.

வருடத்துக்கு 18 வருகிறது, மாதத்துக்கு 18 வேண்டும். இதற்கு மேல் நான் என்ன குறிப்பு எழுத?

"ஆர்டர் கூடும் மாமா" என்றாள். கூடட்டும். ஐந்து மடங்கு கூடினாலும் வருடம் 90 ஜாக்கெட், 35,100 ரூபாய். தவணையோ வருடத்துக்கு 82,020. அதிலும் ஆடியில் கல்யாணம் இல்லை, மார்கழியில் இல்லை. அந்த இரண்டு மாதமும் அவள் நோட்டில் பள்ளிச் சீருடைப் பாவாடைக்கு ஓரம் அடித்ததும், புடவைக்கு ஃபால்ஸ் தைத்ததும்தான் இருக்கிறது. தவணைக்கு ஆடி, மார்கழி தெரியாது. ஐந்தாம் தேதி ஆனால் வங்கிக் கணக்கில் கையை விடும்.

நேரக் கணக்கையும் போட்டேன். முதுகுக்கு 22,000 தையல், இரண்டு கைக்கும் சேர்த்து 18,000. மொத்தம் 40,000. நிமிடத்துக்கு 600 தையல் ஓட்டினால் 67 நிமிடம். ஒரே ஊசி என்பதால் ஒவ்வொரு நிறத்துக்கும் மிஷின் நிற்கும், நூலை மாற்றிக் கோக்க வேண்டும். மூன்று முறை ஃபிரேம் பூட்டவேண்டும். எல்லாம் சேர்ந்து இரண்டேகால் மணி நேரம். நூல் அறுந்தால், பாபின் தீர்ந்தால் இன்னும் கூடும். அதுவரை அந்த மிஷினில் தைக்க முடியாது. பூப் போடும்போது தைக்காது, தைக்கும்போது பூப் போடாது. "பழைய மிஷின் பக்கத்திலேயே இருக்கிறதே, அதில் தைக்கட்டுமே" என்பீர்கள். சரிதான். அப்படியானால் "ரெண்டு மிஷின் ஒரே மிஷின்ல" என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பது எதற்கு?

இன்னும் இருக்கிறது. உள்ளே ஏற்றி வைத்திருக்கும் டிசைன்களைப் புரட்டிப் பார்த்தேன். ரோஜா, கரடி பொம்மை, கிறிஸ்துமஸ் மரம், நூறு தினுசில் ஆங்கில எழுத்து. நம் மாங்காயும் அன்னமும் யானை வரிசையும் வேண்டுமானால் விலைக்கு வாங்கி ஏற்ற வேண்டும், அல்லது நாமே வரைய சாஃப்ட்வேர் வேண்டும். அது தனிக் காசு. மின்சாரம் நின்றால் பாதிப் பூவில் நிற்காமல் இருக்க யுபிஎஸ் வேண்டும். கெட்டுப்போனால் மெக்கானிக் மதுரையிலிருந்து வரவேண்டும். தெருமுனையில் எண்ணெய் விட்டுச் சரிசெய்கிற ஆளுக்கு இதன் மூடியைத் திறக்கவே தெரியாது. திறந்தால் கியாரண்டி போய்விடும்.

மிஷினை நான் குறை சொல்லவில்லை. அற்புதமான மிஷின். ஆனால் அது வீட்டுக்கு அதிகம், தொழிலுக்குக் குறைவு. எம்ப்ராய்டரியைத் தொழிலாகச் செய்கிறவன் வைத்திருப்பது பன்னிரண்டு, பதினைந்து ஊசி உள்ள மிஷின். எல்லா நிறத்தையும் முதலிலேயே கோத்து வைத்துவிடுவான், அது நாள் முழுக்க ஓடும். அவனோடு ஒற்றை ஊசியை வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது.

இந்தப் பாடத்துக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் தளவாய்புரம் இருக்கிறது. அங்கே தைக்கும் நைட்டி எங்கெங்கோ போகிறது. ஒரு யூனிட்டுக்குள் போய்ப் பாருங்கள். ஒருத்தி கழுத்துப் பட்டி வைப்பாள், ஒருத்தி கை சேர்ப்பாள், ஒருத்தி ஓவர்லாக் அடிப்பாள். எண்ணெய் படிந்த பவர் மிஷின், ஒரே ஒரு தையல்தான் தெரியும். அது சோறு போடுகிறது. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகளுக்கும் வேறு எதுவும் தெரியாது. இருநூறு தையல் தெரிந்த மிஷினை எந்தத் தொழில்காரனும் வாங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

அடுத்தது, எனக்கு நிஜமாகவே கோபம் வரும் இடம். தையல் மிஷினை விற்கும்போது மிஷினை மட்டும் விற்பதில்லை, கூடவே ஒரு கதையையும் விற்கிறார்கள். அது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சிங்கர் கம்பெனி 1856-லேயே தவணைக்கு மிஷின் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் முன்பணம், மீதி மாதாமாதம். கதையும் உண்டு. 1924-ல் டில்லியில் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் காந்தியிடம், நீங்கள் எல்லா யந்திரங்களுக்கும் எதிரியா என்று கேட்டார். பின்னாளில் தம் மனைவி டாக்டர் சௌந்தரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உண்டாக்கியவர் அவர்தான். காந்தி, சிங்கர் தையல் மிஷினுக்கு விலக்கு கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கச் சகிக்காமல் அன்பினால் சிங்கர் அதைச் செய்தார் என்று காரணமும் சொன்னார். நிஜ சிங்கரோ பல பெண்களோடு குடும்பம் நடத்தி, இருபதுக்கும் மேல் பிள்ளை பெற்ற ஆசாமி. மகாத்மாவையே நம்ப வைத்த கதை, என் மருமகளை நம்ப வைக்காதா?

இன்னொரு கதை, நான் பள்ளியில் படித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தையல் மிஷின் என்றால் எங்கள் பாடத்தில் சிங்கர் கிடையாது, பார்தெலமி திமோனியே. பிரான்சு நாட்டு ஏழைத் தையற்காரர். 1830-ல் காப்புரிமை வாங்கினார். அவர் மிஷினின் ஊசி நுனியில் கொக்கி இருக்கும், ஒற்றை நூலில் சங்கிலித் தையல் போடும். நம் பெண்கள் இப்போது தெருவுக்குத் தெரு வகுப்பு போய்ப் படிக்கிற ஆரி ஊசியைப் பார்த்திருந்தால் அந்த மிஷின் உடனே புரிந்துவிடும். பாரிஸில் ராணுவச் சீருடை தைக்க எண்பது மிஷின் போட்டார். கூலி போய்விடும் என்று பயந்த தையற்காரர்கள் கூட்டமாக வந்து எல்லாவற்றையும் உடைத்தார்கள். 1857-ல் அவர் ஏழையாகவே செத்தார்.

மிஷினை உடைத்தது தப்பு என்றுதான் எங்கள் வாத்தியார் சொன்னார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர்கள் பயந்ததில் ஒரு நியாயம் இருந்தது. அன்றைக்கு மிஷின் முதலாளி கையில் இருந்துகொண்டு கூலியைக் குறைக்கும் என்று பயந்தார்கள். இன்றைக்கு மிஷினைத் தையற்காரியின் கையிலேயே விற்று, தவணை என்ற பெயரில் அவள் கூலியை மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்கள். அவள் இதை முன்னேற்றம் என்று நினைத்துச் சிரித்தபடி கையெழுத்துப் போடுகிறாள்.

வேலையில் இருந்தபோது இலவசத் தையல் இயந்திரக் கோப்புகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. இப்போது சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் நடக்கிறதே, அந்த உதவிதான். கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் மனு கொடுப்பார்கள். சில சமயம் மிஷின் எப்படி இருக்கிறது என்று நேரில் பார்த்து வரச் சொல்வார்கள். ஒரு வீட்டில் அது காலையிலிருந்து ராத்திரி வரை கடகடவென்று ஓடும். இன்னொரு வீட்டில் மேலே துணி மடித்து வைத்திருக்கும். மிஷின் இரண்டும் ஒன்றுதான். முதல் வீட்டுக்காரி மிஷின் வருவதற்கு முன்பே ஊசி நூலால் கிழிசல் தைத்துக் கொடுத்து நாலு வீட்டை வாடிக்கை பிடித்திருந்தாள். இரண்டாமவளுக்குத் தைக்கத் தெரியும், தைக்கக் கொடுக்க ஆள் இல்லை. வேலை இருக்கிற இடத்துக்கு மிஷின் போனால் ஓடும். மிஷின் போன இடத்துக்கு வேலை தானாக வராது. இலவசமாக வந்த மிஷின் சும்மா நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. தவணையில் வந்தது நின்றால் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகும்.

இதையெல்லாம் நாலு பக்கத்தில் எழுதி, அடிக்கோடு போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போய் எல்லோர் முன்னாலும் வாசித்தேன். மகன், "அப்பா சொல்றது சரி" என்றான். மருமகள் எதுவும் சொல்லவில்லை. நோட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு காபி போடப் போனாள். நான் ஜெயித்துவிட்டேன்.

அப்போது என் மனைவி கேட்டாள். "ரிட்டயர் ஆனப்போ கேமரா வாங்கினீங்களே, அது எத்தனை ரூபா சம்பாதிச்சது?"

2008-ல் வாங்கினேன். 45,000 ரூபாய். செண்பகத்தோப்புப் பக்கம் போய்ச் சாம்பல் நிற அணிலைப் படம் பிடிப்பதாக உத்தேசம். மூன்று முறை போனேன். மூன்று படத்திலும் வால் மட்டும் இருக்கிறது. கேமரா இப்போது பீரோவுக்கு மேல் இருக்கிறது. வாங்கும்போது யாரும் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. நானும் காட்டவில்லை. "ஆசையாக இருக்கிறது" என்றேன், அவ்வளவுதான். மகன் போன வருடம் 55 அங்குல டிவி வாங்கினான். அது எத்தனை ஜாக்கெட்டுக்குச் சமம் என்று நான் வகுத்துப் பார்க்கவில்லை.

மருமகள் காபியோடு வந்தாள். நான் கேட்டேன், "ஏம்மா, அம்பதாயிரம் வரும்னு நீயே நம்பினியா?"

கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். "இல்ல மாமா. எனக்கும் கணக்குத் தெரியும், நோட்டு எழுதுறது நான்தானே. அந்த மிஷின்ல உட்கார்ந்து விதவிதமா பூப் போட்டுப் பாக்கணும்னு ஆசை. ஆசைன்னு சொன்னா யாரு வாங்கித் தருவா? அதான் வருமானம்னு சொன்னேன்."

அந்தக் காபி தொண்டையில் இறங்கவில்லை.

கடைக்காரனைப் பற்றி இத்தனை எழுதினேனே, அவன் பாதிக் குற்றவாளிதான். அவன் விற்கிற பொய்க்கு நம் வீட்டில்தான் தேவை இருக்கிறது. ஆண் ஒன்றைக் கேட்டால் அது ஆசை. பெண் கேட்டால் அது சம்பாதித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வீண் செலவு. ஆகவே அவள் தன் ஆசைக்கு வருமானம் என்று சட்டை மாட்டிக் கொண்டுவருகிறாள். கடைக்காரன் அந்தச் சட்டையைத் தயாராகத் தைத்து வைத்திருக்கிறான்: "மாசம் அம்பதாயிரம்". வருமானம் என்று சொல்லிவிட்டதால் கடன் நியாயமாகிவிடுகிறது. கடன் வாங்கியதால் அந்த மிஷினில் ஒரு நாளும் விளையாட்டாக உட்கார முடியாது, தவணைக்காக ஓட்ட வேண்டும். கடைசியில் ஆசையும் போச்சு, பணமும் போச்சு.

ஊர் திரும்பும் பஸ்ஸில் என் மனைவி இன்னொன்று சொன்னாள். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள். "நம்ம ஆண்டாள் கையில தினமும் ஒரு கிளி இருக்கே. தினமும் பச்சை இலையில புதுசாப் பண்றாங்க. மாதுளம்பூ மூக்கு. எத்தனை மணி நேரம் உட்கார்ந்து கட்டுறாங்க. மறுநாள் அது வாடிடும், வேற கிளி. அதுக்கு யாராவது லாப நஷ்டம் போட்டுப் பாத்தாங்களா?"

நான் பதில் சொல்லவில்லை. சாமி காரியமும் சொந்த ஆசையும் ஒன்றா என்று வாதாடியிருக்கலாம். வாதாடத் தோன்றவில்லை. புதுச்சேரியில் நான் சிறுவனாக இருந்தபோது குளூனி கன்னியர் மடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மேசை விரிப்பில் கையால் பூத் தைப்பதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் அங்கே அந்த வேலை நடக்கிறது. அது அவர்களுக்குப் பிழைப்புதான். ஆனால் ஒரு பூ முடிந்ததும் துணியைத் தள்ளிப் பிடித்துத் தலையைச் சாய்த்துப் பார்ப்பார்கள் பாருங்கள், அந்தப் பார்வைக்குக் கூலி கிடையாது. மதுரைக் கடையில் மருமகள் முகத்தில் பார்த்தது அதைத்தான். நான் அதைக் கடைக்காரன் ஏமாற்றுவதற்கு அடையாளம் என்று மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அதற்காக 2,60,000 ரூபாய் மிஷினை வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கணக்கு கணக்குதான். கண்ணீரைப் பார்த்து 390-ஐ 3,900 ஆக்க முடியாது. நாங்கள் செய்தது இது. தொழிலையும் ஆசையையும் இரண்டு கோப்பாகப் பிரித்தோம்.

தொழில் கோப்பு: மேசையும் மோட்டாரும் சேர்ந்த ஒரு பவர் மிஷின், பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று. இரண்டும் சேர்த்து 41,000. என் வைப்புத்தொகையிலிருந்து கொடுத்தேன். 412 ஜாக்கெட்டிலும் இந்த இரண்டுக்கும் வேலை உண்டு. முன்பு உள்தையலுக்கு ஓவர்லாக் அடிக்க வெளியே கொடுத்துக் காத்திருப்பாள், இப்போது இல்லை. மாதம் 2,000 திருப்பித் தருவேன் என்று அவளே சொன்னாள், தருகிறாள். எம்ப்ராய்டரி முன்போலவே ஜாப் ஒர்க். ஆரி வேலைக்குப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி இருக்கிறாள், இரண்டு பேரும் கூட்டு.

ஆசைக் கோப்பு: பூ மட்டும் போடும் சின்ன மிஷின் இருக்கிறது. தையல் சேராதது, சின்ன ஃபிரேம். அந்தப் பெரிய மிஷினின் விலையில் பாதி கூட இல்லை. அதற்காகத் தபால் ஆபீஸில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். மகன் மாதம் 1,000, நான் 1,000. அது முதிரும்போது அவளுக்கு அந்த ஆசை இருந்தால் வாங்கட்டும். ஆசை போயிருந்தால் பணம் அவளுடையது, வேறு எதையாவது வாங்கட்டும். அது ஒரு பைசா சம்பாதிக்க வேண்டியதில்லை. கேமராவை விற்றுவிடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். இந்தப் பழசை யாரும் வாங்க மாட்டார்களாம்.

உங்களிடம் முன்பணம் கேட்டு யாராவது வண்ணப் புத்தகத்தோடு வந்தால் சில காரியம் செய்யுங்கள். ஒரு வருட ஆர்டர் நோட்டை எடுத்து எண்ணுங்கள். மாதத் தவணையை ஒரு உருப்படியின் மிச்சத்தால் வகுத்து, அந்த எண்ணிக்கை இப்போது வருகிறதா என்று பாருங்கள். அதே வேலை வெளியே கூலிக்குக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கடைக்கு உங்கள் சொந்தத் துணியைக் கொண்டுபோய் அதில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மெக்கானிக் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். இது அத்தனைக்கும் நல்ல பதில் வந்தால் தைரியமாகக் கொடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆனால் நோட்டை விரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது. "இது உனக்குத் தொழிலுக்கு வேணுமா, இல்ல ஆசையா இருக்கா?" ஆசை என்று சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டோம் என்று தெரிந்தால்தான் உண்மையைச் சொல்வார்கள். நம் வீட்டில் எத்தனை பேர் அப்படி நம்புகிறார்கள் என்று நமக்கே தெரியும்.

போன மார்கழியில் மருமகள் 2,000-க்குப் பதில் 500 கொடுத்தாள். "இந்த மாசம் ஜாக்கெட் இல்ல மாமா" என்றாள். சரிம்மா என்று வாங்கி நோட்டில் குறித்துக்கொண்டேன்.